வெள்ளோட்டம்

ல காஸ்டெலே மேட்டில் காலை ஏழு மணிக்கு
மழை பெய்யும்.
சொலேன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவாள்.
பாதையோரக் குழாய்கள் தும்மிக்கொண்டு திறக்கும்.
தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான்.
மேலே வானம்
கழுவிக் கவிழ்த்த நீலப் பீங்கான்.

நான்கு டயர். பெயர் கிடையாது, எண் மட்டும்.
எது வேகம் எது மந்தம், சொல்ல மாட்டார்கள்.
சொன்னால் என் கை பொய் சொல்லுமாம்.
சொல்லியிருக்கிறது, இரண்டு முறை.
அறுபத்து மூன்று சுற்று ஓட்டுவேன்,
இட்லித் தட்டிலிருந்து எடுத்த மாதிரி
ஒன்றைப் போலவே இன்னொன்று.
முன்னால் யாருமில்லை, பின்னாலும் இல்லை.
கண்ணாடியில் பைன் மரங்கள்,
சிவப்பும் நீலமுமாய்க் கோடு போட்ட தரை,
ஒருநாள் ஒரு முயல்.

வண்டி பேசும்.
எட்டாம் வளைவில் பின்னிடது சக்கரம்
தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் ஓசை.
ஓசைகூட இல்லை,
இடுப்பெலும்பில் ஒரு சந்தேகம்.
அதை வாக்கியமாக்கிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பந்தயமா ஓட்டுகிறாய் என்று
காரைக்காலிலிருந்து மாமன் மகன் கேட்டான்.
இல்லை, வெள்ளோட்டம் என்றேன்.
"சாமி ஏறாத தேரா!" என்று சிரித்தான்.
ஆமாம்.
வடம் பிடிக்க ஆளுண்டு, முட்டுக்கட்டை போட ஆளுண்டு.
முறிவதானால் இன்றே முறியட்டும் என்று
எல்லாரும் அச்சையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.
தேங்காய்த் தட்டோடுதான் ஒருவரும் வருவதில்லை.

ஜூனில் ஒர்வோவுக்கு மணிக்கட்டு முறிந்தது,
ரொட்டி வாங்கப் போன சைக்கிளில்.
ஞாயிற்றுக்கிழமை, மன்யி-கூர். அவன் இருக்கையில் நான்.
அவன் தோள் அகலத்துக்கு வார்த்தது அது,
இரண்டு பக்கமும் பஞ்சு திணித்தார்கள்.

இருபத்தாறு வண்டி முதல் வளைவுக்குள்,
முதல் பந்திக்குக் கதவு திறந்தாற்போல.
யார் முழங்கை யார் விலாவில்,
எவனுக்கும் மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

ஐந்தாம் சுற்றில் ரேடியோவில் சொன்னேன்:
பின்னிடதில் ஒரு நடுக்கம், நாலாவது கியரில்,
சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வளர்கிறது, வெள்ளிக்கிழமை இது...
சொலேன் வெட்டினாள்.
"சவரி, அது இன்றைக்கு யாருக்கும் வேண்டாம்.
மஞ்சள் வண்டியைத் தாண்டு."

மஞ்சள் வண்டிக்காரன்
தப்பைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்.
ஒரு சுற்றில் சீக்கிரம் பிரேக், மறு சுற்றில் தாமதம்,
எந்த வரைபடத்துக்கும் அடங்காத பிறவி.
அவனை எனக்குத் தெரியாது.
அவன் டயரைத் தெரியும்.
ஏழாம் எண். மார்ச்சில் நானே சாகடித்துப் பார்த்தது.
நாற்பத்தொன்றாம் சுற்றில் தோள் உரியும்.

காத்திருந்தேன்.

நாற்பத்தொன்றாம் சுற்று. தோள் உரிந்தது.
வெளியே வழுக்கிப் போனான், நான் உள்ளே நுழைந்தேன்.
என் கணக்கில் ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.
அதற்குள் மூன்று பேர்
என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள்,
டயரைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேர்.

பதினாலாவது இடம்.
யாரோ தோளில் தட்டினார்கள். யாரோ ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள்.
ஒர்வோ இடது கையால் செய்தி அனுப்பியிருந்தான்:
மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடுமாம்.
சந்தோஷம் என்று பதில் போட்டேன்.
பாதிச் சந்தோஷத்துக்குத் தனியாகச் சொல் இல்லை.

செவ்வாய். அதே மேடு.
ஏழடிக்க ஐந்து நிமிடம், மழைக்கு இன்னும் நேரமிருக்கிறது.
காட்டுத் துளசி வாசனை, காற்றில் கொஞ்சம் டீசல்.
சொலேன் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
"ஞாயிறு ஐந்தாம் சுற்றில் என்னமோ சொன்னாயே,
நாலாவது கியரில். அது என்ன?
முதலிலிருந்து சொல்."

இடுப்பில் அது அப்படியே இருந்தது,
வளர்ந்த அளவு, வந்த இடம், விட்ட இடம்.

மறந்துவிட்டது என்றேன்.

மூன்றாவது முறை.

குழாய்கள் தும்மின.